அரை பௌலர் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

"நடராஜனா? நாலு ஓவர் பௌலர்தானே!" ஓசூர் வட்டாரத்தில் கிரிக்கெட் பேசுகிற இடத்திலெல்லாம், சேலம் மாவட்டத்திலிருந்து இந்திய அணிவரை போன பௌலரைப் பற்றி இந்தத் தீர்ப்பு காதில் விழுகிறது. சிப்காட் கேன்டீனில் விழுகிறது, தொரப்பள்ளி டீக்கடையில் விழுகிறது, ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட்டில் மைக் பிடிக்கிறவர் வாயிலிருந்தும் விழுகிறது. ஆட்டம் தெரியாதவர்கள் சொன்னால் சிரித்துவிட்டுப் போகலாம். சொல்கிறவர்களில் பெரும்பாலோர் வருஷக்கணக்கில் ஆடியவர்கள், பையன்களுக்குப் பந்து போடச் சொல்லிக்கொடுக்கிறவர்கள். அதனால் பதில் சொல்லியாக வேண்டும்.

அவர்கள் கட்சியை அதன் முழு பலத்தோடு வைத்துவிடுகிறேன். பௌலர் என்றால் புதுப் பந்தை ஸ்விங் செய்ய வேண்டும், பழைய பந்தில் வேலை காட்ட வேண்டும், வெயிலில் ஒரு நாளைக்கு இருபது ஓவர் போட உடம்பு தாங்க வேண்டும். கடைசி ஓவர்களுக்கென்றே வைத்திருக்கிற 'டெத் ஓவர் ஸ்பெஷலிஸ்ட்' என்பது டி20 வியாபாரம் உண்டாக்கிய உத்தியோகம். அதில் இருப்பது ஒரே வித்தை, யார்க்கர். பேட்ஸ்மேன் அதைக் கண்டுபிடித்துவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான். இதற்குச் சான்று நடராஜனே. 2020 டிசம்பர் 2 அன்று கான்பெராவில் தொடங்கிய அவருடைய சர்வதேச ஆட்டம் 2021 மார்ச் 28 அன்று புனேயில் நின்றது. நாலு மாதம்கூட இல்லை. ஒரு டெஸ்ட், இரண்டு ஒருநாள், நாலு டி20, மொத்தம் 13 விக்கெட். 2025 ஐ.பி.எல்.லுக்கு டெல்லி 10.75 கோடி கொடுத்து எடுத்தது, ஆடவிட்டது இரண்டே ஆட்டம். ஆக, இது ஒரு முழு பௌலரின் வாழ்க்கை இல்லை, ஒரு சீசன் அதிர்ஷ்டம். இதை நம்பி எந்தப் பையனும் கம்பெனி வேலையை விடக் கூடாது.

எண்கள் எல்லாம் சரி. அவற்றிலிருந்து எடுத்த முடிவுதான் தப்பு.

இந்தச் சண்டையை அமெரிக்கர்கள் பேஸ்பாலில் நமக்கு வெகுகாலம் முன்பே போட்டுவிட்டார்கள். அங்கே ஆட்டத்தைத் தொடங்குகிற பிட்சர் ஒருவர், களைத்த பிறகு அவர் இடத்தில் இறங்குகிற ரிலீஃப் பிட்சர் இன்னொருவர். ஜெயிக்கிற நிலையில் இருக்கும் ஆட்டத்தைக் கடைசி இன்னிங்ஸில் காப்பாற்றிக் கொடுக்கிறவர் குளோசர். 'ஒரு இன்னிங்ஸ் போடுகிறவன் பிட்சரா?' என்று அங்கேயும் கேட்டார்கள். சிகாகோவின் விளையாட்டு நிருபர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன், அப்படிக் காப்பாற்றிய ஆட்டங்களை 'சேவ்' என்று தனியாக எண்ணத் தொடங்கினார். 1969-ல் அது அதிகாரபூர்வக் கணக்கில் ஏறியது. நம் ஸ்கோர் நோட்டில் அப்படி ஒரு கட்டம் இன்றுவரை இல்லை. இல்லாத கட்டத்தில் ஒருவர் பெயர் இல்லையே என்று குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

1. எல்லாப் பந்தும் ஒரே விலையா?

ஓவரை எண்ணி பௌலரை அளக்கிறவர்கள், முப்பதாவது ஓவரின் பந்தும் ஐம்பதாவது ஓவரின் பந்தும் ஒன்று என்று நம்புகிறார்கள். புனேயில் அந்த மார்ச் 28 அன்று நடந்ததைப் பாருங்கள். இங்கிலாந்துக்கு இலக்கு 330. கடைசி ஓவருக்கு 14 ரன் வேண்டும். எதிரே சாம் கரன், எட்டாவது ஆளாக இறங்கி, தொட்டதெல்லாம் எல்லைக்குப் போகிற நாள். பந்து நடராஜன் கையில். முதல் பந்தில் இரண்டாவது ரன்னுக்கு ஓடிய மார்க் வுட் ரன் அவுட். அந்த ஓவரில் போனது 6 ரன். இந்தியா 7 ரன்னில் ஜெயித்தது, தொடரும் இந்தியாவுக்கு.

ஸ்கோர் அட்டை என்ன சொல்கிறது? நடராஜன்: 10 ஓவர், 73 ரன், 1 விக்கெட். அதை மட்டும் பார்க்கிறவர் 'அடி வாங்கியிருக்கிறார்' என்பார். ஆட்ட நாயகன் விருது ஆட்டமிழக்காமல் 95 எடுத்து, தோற்ற அணியில் நின்ற கரனுக்குப் போனது. கரன் அன்று ஆடியது பெரிய ஆட்டம், அதில் எனக்குச் சண்டை இல்லை. அந்த ஆட்டத்தை வெற்றியாக மாற விடாமல் நிறுத்திய ஆறு பந்துக்கு நம் கணக்குப் புத்தகத்தில் இடமே இல்லை என்பதுதான் என் புகார்.

இன்னொரு சான்று, சென்னை ரசிகர்களுக்குப் பழைய காயம். 2019 மே 12, ஹைதராபாத், ஐ.பி.எல். இறுதி. மும்பையின் மலிங்கா தன் மூன்றாவது ஓவரில் 20 ரன் கொடுத்திருந்தார். அந்த மனிதரிடமே ரோஹித் சர்மா கடைசி ஓவரைக் கொடுத்தார். சென்னைக்கு வேண்டியது 9. நாலாவது பந்தில் வாட்சன் ரன் அவுட். கடைசிப் பந்தில் இரண்டு ரன் வேண்டும், மெதுவாக வந்து காலைத் தட்டிய பந்தில் ஷர்துல் தாக்குர் எல்.பி.டபிள்யூ. மும்பை ஒரு ரன்னில் கோப்பையை எடுத்தது. மலிங்காவின் கணக்கு 4 ஓவரில் 49 ரன், 1 விக்கெட். அன்றைய மும்பை பௌலர்களில் அதிக ரன் கொடுத்தவர் என்று எழுதினாலும் பொய்யில்லை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நம்ம ஊரிலும் இதே கதைதான். தொரப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு டோர்னமென்ட், எட்டு ஓவர் ஆட்டம், விக்கி பால். கடைசி ஓவரில் ஏழு ரன் வேண்டும். நைட் ஷிப்ட் முடித்து நேரே மைதானத்துக்கு வந்திருந்த பையன் ஒருவன் பந்தை வாங்கினான். கழுத்தில் கிடந்த கம்பெனி அட்டையைக் கயிற்றோடு சுருட்டி பேன்ட் பைக்குள் திணித்தான். கிரீஸில் கால் ஊன்றுகிற இடத்து ஈர மண்ணை ஷூ நுனியால் வழித்துத் தள்ளினான். பிறகு ஆறு பந்து. நாலு பந்து பேட்டுக்கு அடியில் போய் விழுந்தன. மூன்று ரன்னோடு ஆட்டம் முடிந்தது. 'பெஸ்ட் பௌலர்' கோப்பை? இரண்டாவது ஓவரில் வைடும் ஃபுல்டாஸும் கலந்து போட்டு, ஆசைப்பட்டுத் தூக்கியடித்த மூன்று பேரை பவுண்டரியில் கேட்ச் பிடிக்க வைத்தவருக்கு. விக்கெட் மூன்றாம். பையனுக்குக் கைதட்டல், ஒரு பிரியாணிப் பொட்டலம்.

2. 'ஒரே வித்தை' என்பது வசையா?

மரியானோ ரிவேரா என்று ஒருவர். பனாமாவின் புவெர்ட்டோ கைமிட்டோ என்ற மீனவ கிராமத்துக்காரர். நியூயார்க் யாங்கீஸுக்கு 1995 முதல் 2013 வரை பந்து வீசினார். கடைசி நொடியில் சற்றே திரும்புகிற 'கட்டர்', பெரும்பாலும் அந்த ஒரே பந்து. வரப்போவது அதுதான் என்று எதிரே நின்ற எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் 652 ஆட்டங்களை அதை வைத்தே காப்பாற்றினார். 2019-ல் பேஸ்பாலின் புகழ்க்கூடத்துக்கு ஒரு வாக்குகூட எதிராக விழாமல் தேர்வான முதல் ஆள் அவர்தான். தொடக்கத்தில் ஸ்டார்ட்டராக இறக்கிப் பார்த்தபோது சோபிக்காதவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்களே சொல்வீர்கள்.

யார்க்கருக்கு வருவோம். மணிக்கு 135 கிலோமீட்டர் வேகத்தில் போகிற பந்து பேட்ஸ்மேனை அடைய அரை விநாடிதான் ஆகிறது. அது அவர் கால்விரலுக்குப் பக்கத்தில் விழ வேண்டும். ஒரு சாண் குறைந்தால் தூக்கியடிக்கத் தோதான பந்து. ஒரு சாண் கூடினால் ஃபுல்டாஸ். இரண்டுக்கும் தண்டனை சிக்ஸர். பேட்ஸ்மேனும் சும்மா நிற்பதில்லை, கிரீஸுக்குள் பின்னால் போகிறார், பக்கவாட்டில் நகர்கிறார். இதையெல்லாம் ஓடி வரும்போதே பார்த்து மாற்ற வேண்டும். 2020 நவம்பரில் அபுதாபியில் நடராஜன் பந்தில் டி வில்லியர்ஸின் ஸ்டம்ப் சாய்ந்ததை ஒரே வித்தை என்று சொல்ல வேண்டுமானால் சொல்லிக்கொள்ளுங்கள். அதைப் போடத் தெரிந்த ஆளை எண்ண ஒரு கை விரல் போதும்.

'டென்னிஸ் பாலில் ஆடியதால் தானாக வந்த கைவரம்' என்பது இதே வாதத்தின் இன்னொரு முகம். பாதி உண்மை. டென்னிஸ் பால் எகிறும், ஷார்ட்டாகப் போட்டால் கதை முடிந்தது, எனவே காலடியில் போடப் பழகுகிறார்கள். ஆனால் அது அறுபது கிராம்கூட எடை வராது. லெதர் பால் 156 கிராமுக்குக் குறையக் கூடாது. தோளும் முதுகும் புதிதாகக் கற்க வேண்டும். மேலும் டென்னிஸ் பால் ஆட்டத்தில் முழங்கையை யாரும் பார்ப்பதில்லை. சென்னை லீக்கின் நாலாவது டிவிஷனில் தொடங்கி ஜாலி ரோவர்ஸ் வழியாக மேலே ஏறிய நடராஜன், 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சியில் அறிமுகமானார். உடனே பந்துவீச்சு முறை சந்தேகத்துக்குரியது என்று புகார். கையை உரித்துத் திரும்பப் பொருத்துவது போன்ற வேலை அது. செய்து முடித்துத்தான் 2016 டி.என்.பி.எல்.லில் திண்டுக்கல் அணிக்கு வந்தார். சூப்பர் ஓவரில் ஆறு பந்தும் யார்க்கர் என்று பேசப்படுகிற ஓவர் அதற்குப் பிறகு வந்தது. கைவரமாக இருந்தால் 2015-லேயே போயிருக்கும்.

வெறும் கை எதுவரை போகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சோதனை நடந்திருக்கிறது. 2008-ல் ஜே.பி. பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க ஏஜெண்ட், 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்று இந்தியாவில் ஒரு தொலைக்காட்சிப் போட்டி நடத்தினார். கிரிக்கெட் நாட்டில் பந்தெறிய ஆள் கிடைக்காமலா போவார்கள் என்பது கணக்கு. கிடைத்தவர்கள் ரிங்கு சிங், தினேஷ் படேல், உத்தரப் பிரதேசத்துப் பையன்கள், இருவரும் ஈட்டி எறிகிறவர்கள். இன்றைய கொல்கத்தா பேட்ஸ்மேன் ரிங்கு வேறு. இந்த ரிங்கு மணிக்கு 87 மைல் வீசி ஒரு லட்சம் டாலர் ஜெயித்தார். அந்த ஆண்டே பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2009-ல் அதன் அடிமட்ட அணியில் ரிலீஃப் பிட்சர்களாக இறங்கினார்கள். தினேஷை 2010-ல் விட்டுவிட்டார்கள். ரிங்கு இன்னும் சில ஆண்டு போராடினார், காயம் விடவில்லை, மேஜர் லீக் எட்டவில்லை. பிறகு டபிள்யூ.டபிள்யூ.ஈ. மல்யுத்தத்துக்குப் போய் வீர் மஹான் ஆனார். ஏ.ஆர். ரஹ்மான் இசையில் 2014-ல் வந்த ஹாலிவுட் படம் ஒப்பந்தத்தோடு சுபம் போட்டுவிட்டது. கடைசி இன்னிங்ஸ் போட வேகமான கை மட்டும் போதுமென்றால், நிஜக் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

3. நாலு மாதம் ஆடியவர் தோற்றவரா?

இந்த வேலையின் பாதி, காத்திருப்பது. 2017-ல் நடராஜனைப் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது, ஆடியது ஆறு ஆட்டம். 2018-லும் 2019-லும் ஹைதராபாத் அணியில் இருந்தார், ஒரு ஆட்டம்கூட இல்லை. 2020-ல் 16 விக்கெட். ஆஸ்திரேலியாவுக்கு முதலில் வலைப்பயிற்சியில் பந்து போடத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொருவராகக் காயம்பட, மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமாகித் திரும்பினார். ஒரே பயணத்தில் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர் அவர். பிரிஸ்பேன் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் 78 ரன்னுக்கு 3 விக்கெட். டி20 தொடரின் நாயகன் விருதை ஹர்திக் பாண்டியா அவர் கையில் கொடுத்தது ஞாபகம் இருக்கும்.

அசெம்பிளி லைனில் ரிலீவர் என்று ஒருவர் இருப்பார். எந்த ஸ்டேஷன் ஆள் எழுந்து போனாலும் போய் நிற்க வேண்டியவர். அவர் ஸ்பேனர் பிடித்த மணிநேரம் குறைவு என்று எந்த சூப்பர்வைசரும் சம்பளம் பிடிக்க மாட்டார், ஏனென்றால் அவர் வராத அன்று லைன் நின்றுவிடும் என்று தெரியும். கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்ததும் அதே சூப்பர்வைசருக்கு அது மறந்துபோகிறது.

2021 ஏப்ரலில் முழங்காலில் அறுவை சிகிச்சை. செப்டம்பரில் கொரோனா. 'அதோடு முடிந்தார்' என்கிறீர்கள். முடியவில்லை. 2022 ஐ.பி.எல்.லில் 18 விக்கெட். 2024-ல் 19, இறுதிவரை போன ஹைதராபாத் அணியில் அதிகம் எடுத்தவர் அவர்தான். அந்த ஆண்டு டெல்லிக்கு எதிரே பத்தொன்பதாவது ஓவரில் ரன்னே கொடுக்காமல் மூன்று விக்கெட் எடுத்தார். ஆட்டம் அதற்கு முன்பே கைக்கு வந்துவிட்டது என்பது உண்மை, அதற்காக அதைப் பெரிதாக்க மாட்டேன். ஆனால் அந்த ஆண்டு உலகக் கோப்பைக்கு ரிசர்வ் பட்டியலில்கூட அவர் பெயர் இல்லை. தேர்வாளர்கள் எடுக்காததற்குத் தேர்வாளர்கள் பொறுப்பு. 10.75 கோடிக்கு வாங்கி பெஞ்சில் வைத்ததற்கு வாங்கியவர்கள் பொறுப்பு. இரண்டையும் பௌலரின் தோல்வியாக எழுதுவது எந்த நியாயம்?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பும்ரா புதுப் பந்தும் போடுகிறார், கடைசி ஓவரும் போடுகிறார், டெஸ்டும் ஜெயித்துத் தருகிறார். நடராஜன் பும்ரா இல்லை. அவருக்கு ஐம்பது டெஸ்ட் கொடுத்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் முதலில் நான் மறுப்பேன். ஒருவர் எல்லாம் செய்கிறார் என்பதால், ஒன்றை மட்டும் நன்றாகச் செய்கிறவர் அரை ஆள் ஆகிவிடுவாரா என்பதுதான் கேள்வி.

4. 'நல்ல பௌலர் யாராக இருந்தாலும் கடைசி ஓவர் போட்டுவிடுவார்.'

தொரப்பள்ளிக்காரர் இதைச் சொல்லக் கூடாது. இந்த ஊரில் பிறந்த ராஜாஜியின் அரசியல் வாழ்க்கையை எடுத்துப் பாருங்கள். 1947 நவம்பரில் மவுண்ட்பேட்டன் அரச குடும்பத்துக் கல்யாணத்துக்கு லண்டன் போனபோது இரண்டு வாரம் கவர்னர் ஜெனரல் நாற்காலியில் அவரை உட்காரவைத்தார்கள். 1948-ல் மவுண்ட்பேட்டன் கிளம்பியதும் அந்தப் பதவியே வந்தது. 1950 டிசம்பரில் படேல் இறந்தார், உள்துறையைப் பார்த்துக்கொள்ள அவரைக் கூப்பிட்டார்கள். 1952-ல் சென்னை சட்டமன்றத்தில் 375-க்கு 152 இடத்தோடு காங்கிரஸ் தவித்தது, எழுபது வயது தாண்டிய மனிதரை மேலவை வழியாகக் கொண்டுவந்து முதலமைச்சர் ஆக்கினார்கள். ஆள் இல்லாமலா? காங்கிரஸில் ஆளுக்கா பஞ்சம்! நெருக்கடியில் பந்தை வாங்கிக்கொள்ள எல்லாரும் கை நீட்டுவதில்லை. அந்தக் கடைசி ஸ்பெல்லில் குலக்கல்வித் திட்டம் கொண்டுவந்து அடி வாங்கி 1954-ல் வெளியேறியதும் அதே மனிதர்தான். ரிவேராவும் 2001 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தைக் கோட்டைவிட்டவர். இந்த வேலையில் தோல்வி மறைவாக நடப்பதில்லை. முதல் ஓவரில் 14 ரன் கொடுத்தவரை மாலைக்குள் மறந்துவிடுகிறோம், கடைசி ஓவரில் 14 கொடுத்தவரைப் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்கிறோம்.

5. 'ஏழைவீட்டுப் பிள்ளை, பாவம், அதிசயம்' என்பது பாராட்டா?

இது எதிர்க்கட்சி இல்லை, நம் கட்சிக்காரர்கள் செய்கிற கெடுதல். நடராஜனைப் பற்றி எழுதுகிறவர் முதலில் அப்பாவின் தினக்கூலி, அம்மாவின் கோழிக்கறிக் கடை என்று தொடங்குவார். அதெல்லாம் உண்மை, மறைக்க வேண்டியதும் இல்லை. ஆனால் கட்டுரை முடியும்வரை பந்து எங்கே விழுந்தது என்று ஒரு வரி இருக்காது. அதிசயம் என்று சொல்லிவிட்டால் எப்படி நடந்தது என்று கேட்க வேண்டியதில்லை. வழிகாட்டி ஜெயப்பிரகாஷ் எத்தனை ஆண்டு பின்னால் நின்றார், சட்டையில் 'ஜேபி நட்டு' என்று எழுதிக்கொண்டது ஏன், முழங்கையைத் திருத்தியது எப்படி, இவை யாருக்கும் பயன்படாமல் போகின்றன.

நடராஜன் அப்படி நினைக்கவில்லை. 2023 ஜூனில் தன் ஊரான சின்னப்பம்பட்டியில் தன் பெயரில் மைதானம் திறந்தார். தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். தர்மபுரியைத் தாண்டினால் சேலம் மாவட்டம், அங்கே ஒரு கிராமம் இதைத் தொழிலாகக் கற்றுக்கொடுக்கிறது. ஓசூர்ப் பையனுக்கோ சின்னசாமி ஸ்டேடியம் நாற்பது கிலோமீட்டர், சேப்பாக்கம் முந்நூறுக்கும் மேல். பக்கத்தில் இருப்பது அவன் மாநிலத்தது இல்லை. அவன் மாநிலத்தது பக்கத்தில் இல்லை. அவனிடம் இருக்கும் ஒரே பள்ளிக்கூடம் இந்த டென்னிஸ் பால் டோர்னமென்ட்தான். அதில் நாம் எதற்குக் கோப்பை கொடுக்கிறோமோ அதைத்தான் அவன் பழகுவான்.

கம்பெனி வேலையை விடச் சொல்லவில்லை, அந்தப் புத்திமதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது செலவில்லாத ஒன்று. ஸ்கோர் நோட்டில் பென்சிலால் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள்: கடைசி இரண்டு ஓவரை யார் போட்டார், அப்போது எதிரணிக்கு எத்தனை வேண்டியிருந்தது, எத்தனை போனது. சீசன் முடிவில் அதைக் கூட்டிப் பார்த்து ஒரு கோப்பை கொடுங்கள். காசு இல்லையென்றால், வழக்கமாக எம்.எல்.ஏ. மச்சான் பெயரில் கொடுக்கிற 'பெஸ்ட் சிக்ஸர்' கோப்பையை ஒரு வருஷம் நிறுத்திவையுங்கள்.